டயட் இருந்தும் ‘கொழுப்பு’ ஏறுதா? உங்க ஸ்மார்ட் எடை மெஷின் சொல்றதுல எது நிஜம், எது கணக்கு?

காலை 6 மணி. இன்னும் காபிகூட குடிக்கவில்லை. ஸ்மார்ட் எடை மெஷின் மேல் ஏறி நிற்கிறீர்கள். ஆறு நாளாகச் சோற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்பதால், மனசுக்குள் ஒரு தெம்பு. போனில் எடை வருகிறது. 1.8 கிலோ குறைஞ்சிருக்கு! ‘செம’ என்று நினைப்பதற்குள் அடுத்த வரி, சிவப்பு எழுத்தில் வருகிறது. உடல் கொழுப்பு 34.1 சதவிகிதத்திலிருந்து 36 சதவிகிதம். அதற்குக் கீழே, தசை குறைவு. அதற்கும் கீழே, உங்கள் உடம்பின் ‘வயது’, நிஜ வயதைவிட ஏழு வருஷம் கூடுதல்.

பட்டினி கிடந்தா கொழுப்பு ஏறுமா என்ன?

களம்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு நடந்த கதை இது. அக்கா உடனே எனக்குப் போன் செய்தார். “நான் சோறே தொடலடி. இது கொழுப்பு ஏறிடுச்சுன்னு சொல்லுது. இனிமே ராத்திரி சாப்பாட்டையும் நிறுத்திடப் போறேன்!”

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஏனென்றால், அக்கா போன வருஷத்திலிருந்து சுகர் மாத்திரை போடுகிறார். ஒரு மெஷின் காட்டிய ஒற்றை எண்ணை நம்பி, டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தப் போகிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மெஷின் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நெல்லுக்குத் தெரிந்த கணக்கு

களம்பூர் தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குப் பக்கத்து ஊர். ரயிலில் வந்தால் ‘ஆரணி ரோடு’ ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் பட்டுத்தறி, இன்னொரு பக்கம் அரிசி ஆலை. அரிசி ஊரில் பிறந்தவர் அரிசியையே நிறுத்தினால் வீட்டில் எவ்வளவு பேச்சு விழும்? அக்காவுக்கும் விழுந்தது.

ஆனால், அன்றைக்கு விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர் பெரியப்பாதான். தறி நெய்பவர். கொஞ்சம் நிலமும் உண்டு. “என்னாமா இது? நெல்லைக் காயவெச்சா மூட்டை எடை குறையும். அரிசியா குறைஞ்சுது? ஈரம்தானே போச்சு!” என்றார்.

யோசித்துப் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவதற்கு முன்பே ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவிகிதம்தான் வழக்கமான வரம்பு. அறுவடை நேரத்தில் மழை பெய்துவிட்டால், அதை 22 ஆக உயர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசிடம் கேட்பதை ஏறக்குறைய ஒவ்வொரு சீஸனிலும் செய்தியில் பார்க்கிறோம். எடையில் எவ்வளவு நெல், எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் அந்த எடைக்கு விலை போட முடியாது. பட்டிலும் அதே கதைதான். காற்றில் இருக்கும் ஈரத்தைப் பட்டு நூல் இழுத்துக்கொள்ளும் என்பதால், கச்சாப் பட்டின் வணிக எடையில் ஈரத்துக்கென்று 11 சதவிகிதம் என ஒரு கணக்கே உலக அளவில் இருக்கிறது.

ஆக, நெல்லுக்கும் பட்டுக்கும் ஈரம் பார்க்கிறோம். நம்ம உடம்புக்கு மட்டும் மறந்துவிடுகிறோம். இத்தனைக்கும் வளர்ந்த மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்!

மெஷினுக்குள் என்னதான் நடக்குது?

முதல் விஷயம்... உங்கள் மெஷின் கொழுப்பை அளப்பதே இல்லை.

அது நேரடியாக அளப்பது இரண்டே இரண்டைத்தான். ஒன்று, எடை. இன்னொன்று, மின்தடை. மெஷின் மேல் பளபளவென்று உலோகப் பட்டைகள் இருக்கின்றன அல்லவா? ஒரு பாதத்தின் வழியாக, நாம் உணரவே முடியாத அளவு மிகச்சிறிய மின்சாரத்தை அனுப்பி, இன்னொரு பாதத்தின் வழியாக வாங்குகிறது. தண்ணீரும் உப்பும் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாகப் போகும். தண்ணீர் குறைவான கொழுப்பில் தடுமாறும். எவ்வளவு தடுமாறியது என்பதை வைத்து, நீங்கள் ஆப்பில் கொடுத்த உயரம், வயது, பாலினம் எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, ‘கொழுப்பு இவ்வளவு இருக்கலாம்’ என்று கணக்கிடுகிறது.

அந்தச் சூத்திரத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கொழுப்பு நீங்கிய உடம்பில் சுமார் 73 சதவிகிதம் தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆரோக்கியமான ஆளுக்கு, சாதாரண நாளில் இது சரி. ஆனால், டயட் ஆரம்பித்த முதல் வாரம் சாதாரண நாள் இல்லையே! உடம்பில் தண்ணீர் குறைந்தால் மின்தடை கூடும். தடை கூடினால் ‘ஓ, கொழுப்பு கூடிடுச்சு’ என்று மெஷின் எழுதிவிடும்.

இன்னொன்று... பாதம் டு பாதம் போகும் மின்சாரம் பெரும்பாலும் கால்கள், அடிவயிறு வழியாகவே திரும்பிவிடுகிறது. தொப்பை, மார்பு, கைகள் எல்லாம் பெரும்பாலும் யூகம்தான். ‘உள்ளுறுப்புக் கொழுப்பு 9’ என்று ஆப் காட்டுகிறதே, அதுவும் யூகத்தின் மேல் கட்டிய யூகம்.

அந்தக் கால ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பார்த்ததில்லை என்றால் அப்பாவிடம் கேளுங்கள். கலர் விளக்கு சுற்றும், காசு போட்டால் ஒரு சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். அதில் எது நிஜம், எது பொழுதுபோக்கு என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைய ஸ்மார்ட் மெஷின் தருவது ஜோசியம் இல்லை, அறிவியல் கணக்கு. ஆனால், அளந்ததையும் கணக்குப் போட்டதையும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தில் அச்சிட்டுத் தருகிறது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அக்காவின் கணக்கைப் பிரிச்சுப் பார்ப்போமா?

முதல் நாள் 71.2 கிலோ, 34.1 சதவிகிதம் கொழுப்பு. அதாவது, சுமார் 24.3 கிலோ. ஏழாம் நாள் காலை 69.4 கிலோ, 36 சதவிகிதம். அதாவது, சுமார் 25 கிலோ. மெஷினை நம்பினால் ஆறு நாளில் 700 கிராம் கொழுப்பு ஏறியிருக்க வேண்டும்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 700 கிராம் சேர, தேவைக்கு மேல் சுமார் 5,400 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஓர் இட்லிக்கு 50 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 100 இட்லிக்கும் அதிகம்! சோறே தொடாத அக்கா அதை எங்கே போய்ச் சாப்பிட்டார்?

நடந்தது வேறு. நாம் சாப்பிடும் அரிசி, கோதுமையின் மாவுச்சத்தில் ஒரு பகுதியை ஈரலும் தசையும் ‘கிளைகோஜன்’ என்ற வடிவத்தில் சேமித்துவைக்கும். மொத்தம் சுமார் 400 முதல் 500 கிராம் வரை. ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் உடம்பு முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். அது கரையும்போது கூடவே தண்ணீரும் சிறுநீராக வெளியேறும். முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ ‘மளமள’வென்று குறையும் ரகசியம் இதுதான். ஒரு நாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதும் அதே எடை திரும்பி வந்து நிற்பதற்கும் இதுதான் காரணம்.

இப்போது ஒரு வேடிக்கை. அக்கா தினமும் 500 கலோரி குறைத்திருந்தால் ஆறு நாளில் 3,000 கலோரி. நிஜமாகக் கரைந்த கொழுப்பு சுமார் 400 கிராம். மீதி பெரும்பாலும் தண்ணீர். அப்படியென்றால், இப்போது 69.4 கிலோவில் சுமார் 23.9 கிலோ கொழுப்பு. சதவிகிதம் போட்டால் 34.4! துல்லியமான மெஷினாக இருந்தாலும் 34.1-லிருந்து 34.4 ஆக ஏறித்தான் காட்டியிருக்கும். கொழுப்பு குறைந்திருக்கிறது. ஆனால், தண்ணீர் போய் மொத்த எடை அதைவிட வேகமாகக் குறைந்ததால், சதவிகிதம் கூடியிருக்கிறது. மீதி ஒன்றரை சதவிகிதம் மெஷினின் தடுமாற்றம்.

காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு!

இதை நேரில் பார்த்துவிடலாம் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை களம்பூர் போனேன். பெரியப்பா குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர். நாள் முழுக்கக் கால் இரண்டும் தறிக்குழிக்குள். காலையில் மெஷினில் ஏறச் சொன்னோம். கொழுப்பு 27.8 சதவிகிதம். சாயங்காலம் தறியைவிட்டு எழுந்ததும் மறுபடி ஏறினார். எடை 600 கிராம் கூடியிருந்தது. கொழுப்போ 25.9!

“பாத்தியாமா, மூணு வேளை சாப்பிட்டே ஒரே நாள்ல இளைச்சுட்டேன்” என்று அவர் சிரித்தார்.

நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாலோ, நின்றாலோ உடம்பின் நீர் கால் பக்கம் இறங்கும். மெஷினின் மின்சாரம் போகும் வழியே கால்தான். அங்கே ஈரம் கூடியதால் தடை குறைந்தது, ‘கொழுப்பு’ம் குறைந்தது. அவ்வளவுதான். ஐ.டி கம்பெனியில் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காருகிறவருக்கும், துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறவருக்கும் இதே கதைதான்.

திடீர் ஏற்ற இறக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு.

* உப்பு: முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் சேர்ந்தால் மறுநாள் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். எடை ஏறும்.
* பீரியட்ஸ்: மாதவிடாய்க்கு முந்தைய சில நாள்கள் பல பெண்களுக்கு நீர் கோத்து எடை கூடும். அந்த எண்ணைப் போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள். போன மாதம் இதே நாள்களோடு ஒப்பிடுங்கள்.
* புது ஒர்க்அவுட்: ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் கை கால் எல்லாம் வலிக்கிறதா? வலிக்கிற தசை தன்னைச் சரிசெய்துகொள்ளத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். எடை கூடலாம்.
* ஏறுவதற்கு முன் குடித்த தண்ணீர்: அரை லிட்டர் குடித்துவிட்டு ஏறினால் எடை அரை கிலோ கூடும். வயிற்றில் இருக்கும் அந்தத் தண்ணீர், காலில் ஓடும் மின்சாரத்தின் கண்ணில் படாது. அதனால், அதையும் கொழுப்புக் கணக்கில் எழுதிவிட வாய்ப்புண்டு.
* காய்ந்த பாதம்: வெறுங்காலோடு நடந்து வெடித்த, தடித்த பாதத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது. அளவு மாறும்.
* ஆப் செய்யும் ஆள்மாறாட்டம்: வீட்டில் நான்கு பேர் ஒரே மெஷினைப் பயன்படுத்தினால், எடை நெருக்கமாக இருக்கும் இருவரை ஆப் மாற்றிப் போட்டுவிடும். அம்மாவின் உயரமும் வயதும் வைத்து உங்கள் கொழுப்பைக் கணக்கிட்டால் என்ன ஆகும்? ஒரே நாளில் பெரிய மாற்றம் வந்தால், முதலில் யாருடைய பெயர் காட்டுகிறது என்று பாருங்கள்.

ஏன் இப்போ இதைப் பேசணும்?

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2019-21-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர், ஆண்களில் 37 சதவிகிதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களில் 30.9 சதவிகிதமாக இருந்தது. 2025 பிப்ரவரியில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமரே, சமையல் எண்ணெயை 10 சதவிகிதம் குறையுங்கள் என்றார். அதே வருஷம் மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வெகோவி என்று எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வெகோவியில் இருக்கும் செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், விலை குறைந்த வடிவங்களைப் பற்றிய பேச்சும் சூடுபிடித்தது.

எடையை வேகமாகக் குறைப்பது சாத்தியமாகும்போது, அடுத்து வரவேண்டிய கேள்வி... குறைவது எது? ஊசியோ, கடும் டயட்டோ, குறையும் எடையில் சுமார் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பு அல்லாத எடையாக இருக்கலாம். அதில் தசையும் அடக்கம். எனவே, ‘உடம்பில் என்ன இருக்கு’ என்று பார்க்க நினைப்பது தப்பே இல்லை.

நமக்கு அது கூடுதலாகவே தேவை. 2004-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு படம் வெளியானது. புனேவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டனின் டாக்டர் ஜான் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இருவருக்கும் பி.எம்.ஐ ஒரே 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாக்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு இன்றைக்கும் சொல்லப்படும் உதாரணம் இது. ஆனால், அவர்கள் அளந்தது டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில். நம் வீட்டு மெஷினில் இல்லை. வேறு மக்களை வைத்து உருவாக்கிய சூத்திரம் நம் உடம்புக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

இந்தத் தடுமாற்றத்தை வியாபாரமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க் வாசலில் ‘இலவச உடல் பரிசோதனை’ என்று மேஜை போட்டு, மெஷினில் ஏற்றி, “உங்க உடம்புக்கு 52 வயசு ஆகுது மேடம்” என்று பயமுறுத்தி, அடுத்த நிமிஷம் பவுடர் டப்பாவை நீட்டுவார்கள். பத்து நாள் கழித்து மறுபடி ஏற்றும்போது எண் மாறியிருக்கும். அது பவுடரின் வேலையா, நீங்கள் அன்று குடித்த தண்ணீரின் வேலையா என்று அந்த மெஷினுக்கே தெரியாது.

அப்போ மெஷினைத் தூக்கிப் போட்டுடணுமா?

வேண்டாம். சரியாகப் பயன்படுத்தினால் நல்ல துணைதான்.

1. காலையில் எழுந்து கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் ஏறுங்கள். பாதம் சுத்தமாக இருக்கட்டும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். பாய், கார்ப்பெட் வேண்டாம்.

2. ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் நிதானமான, நல்ல வேகம்.

3. கொழுப்பு சதவிகிதத்தை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஒரே மெஷின், ஒரே நேரம். அதில் எண்ணைவிட திசைதான் முக்கியம். ஜிம் மெஷின் 31, வீட்டு மெஷின் 35 காட்டினால் பதறாதீர்கள். இரண்டின் சூத்திரமும் வேறு.

4. டெய்லர் வைத்திருக்கும் இன்ச் டேப் ஒன்று வாங்குங்கள். இடுப்புச் சுற்றளவு இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ, ஆண்களுக்கு 90 செ.மீ-க்குள் இருப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். எடை நகரவே இல்லை, ஆனால் டேப்பில் 2 செ.மீ குறைந்திருக்கிறதா? நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

5. தசையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தட்டில் பருப்பு, முட்டை, மீன், சுண்டல், தயிர் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். சோற்றை அடியோடு நிறுத்துவதைவிட அளவைக் குறைத்து, அந்த இடத்தில் காய்கறியும் பருப்பும் வைப்பது நீண்ட நாள் தாங்கும்.

எப்போது பதறணும்?

எல்லா மாற்றமும் ‘சும்மா தண்ணீர்’ என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அது இதயம் அல்லது சிறுநீரகம் கொடுக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டயட்டே இல்லாமல் எடை குறைந்துகொண்டே போனாலும், அதோடு அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்தாலும் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மின்சாரம் அனுப்பும் இந்த மெஷினில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு அந்தக் கொழுப்பு எண் பொருந்தாது.

முக்கியமாக, இன்சுலினோ, கிளிமிபிரைட் போன்ற சில சுகர் மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் வரை போகும். டயட் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

அக்காவிடம் நான் முதலில் கேட்டதும் இதைத்தான். “டாக்டர்கிட்ட சொன்னியாக்கா?” சொல்லவில்லை. மறுநாளே போய்ச் சொன்னார். அவர் போடும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றின் அளவை டாக்டர் குறைத்தார். மதியம் ஒரு கப் சோறு திரும்ப வந்தது. ராத்திரிச் சாப்பாடு நிற்கவில்லை.

மெஷின் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆனால், ஆப்பில் எடையைத் தவிர மற்றதையெல்லாம் அக்கா மறைத்துவைத்துவிட்டார். பக்கத்திலேயே ஆணியில் ஓர் இன்ச் டேப் தொங்குகிறது. போன வாரம் போன் செய்தபோது, “ரெண்டரை செ.மீ குறைஞ்சிருக்குடி” என்றார். எடை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.